காரலின் வாய் எந்தப் பக்கம் நீளும்?

ராமேசுவரத்தில் விசைப்படகு கரையணைந்ததும் முதலில் இறங்குவது இறால். பின்னால் நண்டு, கணவாய், விலைபோகிற மீன். எல்லாம் போனபிறகு தட்டில் கிடக்கும் மிச்சத்தை அள்ளிப் பெட்டி பெட்டியாக நிரப்புவார்கள். அதற்குச் சங்காயம் என்று பெயர். கோழித்தீவனத்துக்கும் மீன்தூள் ஆலைக்கும் எடைக்குப் போகிற சரக்கு அது. கையை விட்டுக் கிளறினால் காரல்தான் அதிகம் வரும். இடையிடையே கீச்சான், நவரைக் குஞ்சு, பொருவா, பேத்தை, நசுங்கிய சூடை. வெவ்வேறு ஆழத்தில், வெவ்வேறு இரை தின்று வாழ்ந்தவை அத்தனையும் ஒரே விலைக்கு ஒரே பெட்டியில் கிடக்கும்.

விசைப்படகு இழுத்துப் போகிற இழுவைமடி வலைக்கு இந்த வேறுபாடெல்லாம் தேவையில்லை. அது தரையை வழித்துக்கொண்டு போகிறது. நாட்டுப்படகிலும் வள்ளத்திலும் கட்டுமரத்திலும் போய்ச் சின்ன மீன் பிடிக்கிறவருக்கோ இந்த வேறுபாடுதான் பிழைப்பே. சீலாவுக்குப் போட்ட வலையில் கண் ஒரு சென்டிமீட்டர் கூடக்குறைய இருந்தாலும் ஏதோ ஒரு மீன் மாட்டும். சாளைக்குப் போட்ட வலையில் 4 மில்லிமீட்டர் பிசகினால் கூட்டம் முழுவதும் வலைக்குள் புகுந்து மறுபக்கம் போய்விடும், இல்லையென்றால் மூக்கை முட்டித் திரும்பிவிடும். பெரிய மீனைவிடச் சின்ன மீனுக்குத்தான் அதிக நுணுக்கம் வேண்டும் என்பது என் கட்சி. காரல், சாளை, நெத்திலி என்று மூன்றை எடுத்துக்கொண்டால் அது விளங்கும்.

காரலில் தொடங்கலாம். சென்னைக்காரர்கள் காரப்பொடி என்று வாங்குவதும் இந்த இனம்தான். உள்ளங்கைக்குள் அடங்குகிற தட்டையான வெள்ளி மீன். பெரும்பாலானவை 8 முதல் 12 சென்டிமீட்டர் வரைதான் வளரும். ஒன்றைக் கையில் எடுத்து, மேலுதட்டை நகத்தால் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். உள்ளே மடிந்திருக்கும் வாய் குழாயாக நீண்டு வரும். அது எந்தப் பக்கம் நீள்கிறது என்பதில்தான் சேதி இருக்கிறது.

கீழ்நோக்கி நீண்டால் அது தரையைக் கிளறித் தின்கிற காரல். சேற்றிலும் மணலிலும் இருக்கிற புழு, சின்னஞ்சிறு ஓட்டுயிர்கள் அதன் இரை. மேல்நோக்கி, கிட்டத்தட்டச் செங்குத்தாக நீண்டால் அது நீரில் மிதந்து வருகிற நுண்ணுயிர்களைப் பொறுக்கித் தின்கிற சாதி. இதன் வயிற்றுப்பக்கம் முதுகைவிட அதிகம் புடைத்திருக்கும். நேர் முன்னால் நீண்டு, தாடையில் நாய்ப்பல் போலக் கூரிய பற்கள் விரலில் தட்டினால் அது மூன்றாவது வகை. சிறு மீனையும் இறால் குஞ்சையும் பிடித்துத் தின்னும் காரல் அது.

ஒரு வலையில் விழுந்த காரலில் எந்த வாய் அதிகம் என்று பார்த்தால், அந்த வலை நீரின் எந்த மட்டத்தில் நின்றது, அங்கே என்ன இரை இருந்தது என்று தெரியும். கீழ்வாய்க் காரலாக வந்தால், வலையின் அடியில் ஈயம் கோத்த ஈயக்கயிறு தரையைத் தொட்டிருக்கிறது. மேல்வாய்க் காரலாக வந்தால் வலை தரையைவிட்டு எழும்பி நின்றிருக்கிறது, அல்லது மீன் மேலே ஏறியிருக்கிறது. மறுநாள் ஈயத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை இப்படி முடிவு செய்யலாம்.

காரல் மேலே ஏறுவதற்கும் ஒழுங்கு உண்டு. பகலில் தரையை ஒட்டி நெருக்கமாக நிற்கும். பொழுது சாய்ந்தால் பிரிந்து மேலெழும். அதனால் இழுவைமடிக்குக் காரல் பகலில் கொத்தாகக் கிடைக்கிறது. மீனைச் செவுளில் மாட்டிப் பிடிக்கும் செவுள்வலை போடுகிறவர்கள் அந்தி மயங்கும் நேரத்தையும் விடிகாலையையும் பார்த்து வலையை இறக்குவார்கள். மீன் ஏறுகிற நேரமும் இறங்குகிற நேரமும் அவை. நடு இரவில் காரல் சிதறிக் கிடக்கும். வலை நனைந்ததுதான் மிச்சம்.

இருட்டில் ஒரு புதுக் காரலின் வயிற்றை அறுத்தால் தொண்டைக்குழாயைச் சுற்றி நீலப்பச்சையாக ஒரு மினுக்கம் தெரியும். அங்கே வளையமாக ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒளிரும் நுண்ணுயிரிகள் குடியிருக்கின்றன. மீன் அவற்றுக்கு இரை கொடுக்கிறது, அவை வெளிச்சம் கொடுக்கின்றன. காற்றுப்பையின் வெள்ளிப் படலம் அந்த வெளிச்சத்தை அடிவயிற்றுப் பக்கம் திருப்பி அனுப்புகிறது. மேலிருந்து வெளிச்சம் வரும் நீரில், கீழே நின்று அண்ணாந்து பார்க்கிற வேட்டைமீனுக்கு இரையின் நிழல் கறுப்பாகத் தெரியும் அல்லவா? வயிற்று வெளிச்சம் அந்த நிழலை அழித்துவிடுகிறது. பல சாதிகளில் ஆண் காரலுக்கு இந்த உறுப்பு பெட்டையைவிடப் பெரிது. ஆண் பெட்டைக்குக் காட்டும் சைகையும் இந்த வெளிச்சத்தில்தான் நடக்கிறது.

வலையிலிருந்து காரலைக் கழற்றுவதுதான் பெரும்பாடு. முதுகுத் துடுப்பின் முன்முள்ளும் அடித்துடுப்பின் முன்முள்ளும் நிமிர்ந்தபடி பூட்டிக்கொள்ளும். செத்தபிறகும் பூட்டு விடாது. வாலைப் பிடித்துப் பின்னால் இழுத்தால் முள் வலைக்கண்ணில் கொளுவி நூல் அறும், விரலும் கிழியும். தலைப்பக்கமாக, மீன் நுழைந்த திசையிலேயே முன்னால் தள்ளி எடுக்கவேண்டும். மேலே வழியும் கோழைதான் இன்னொரு தொல்லை. காரல் அளவுக்குக் கோழை வடிக்கிற மீன் குறைவு. அது வலையில் காய்ந்தால் நூல் விறைத்துக் கண்கள் ஒட்டிக்கொள்ளும். கரைக்கு வந்ததும் கடல்நீரிலேயே வலையை அலசி, நிழலில் விரித்துப் போட்டால்தான் அடுத்த நாள் சீராக ஓடும். வெயிலில் போட்டுவிட்டுப் போனால் தங்கூசி என்கிற நைலான் நூல் சீக்கிரம் நொறுங்கிப்போகும்.

எங்கே கிடைக்கும் என்று கேட்டால், பாக் விரிகுடாவும் மன்னார் வளைகுடாவும் காரலின் தாய்வீடு. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்துக்குள் அடங்கிவிடும். அடியில் சேறும் மணலும், கரையோரம் தாழை என்று சொல்கிற கடற்புல் மேடுகளும். காரல் குஞ்சுகள் அந்தப் புல்லின் ஓரத்தில் வளர்ந்து, பெருத்தபிறகு சேற்றுத்தரைக்கு நகர்கின்றன. பாம்பன் பக்கத்தில் பாலத்துக்கு வடக்கே வடகடல், தெற்கே தென்கடல். வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் வடகடல் கொந்தளித்துக் கலங்கிவிடும், தென்கடல் ஓரளவு அடங்கிக் கிடக்கும். கச்சான் காற்று தொடங்கினால் நிலைமை தலைகீழ். கரையோர மீனவர்கள் வள்ளத்தையும் வலையையும் எடுத்துக்கொண்டு ஒரு கடலிலிருந்து மறு கடலுக்கு மாறுவது இதனால்தான். 1949 முதல் 1971 வரை மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் மண்டபத்தில் இருந்தது. காரல் இனங்களைப் பற்றி இந்தியாவில் நடந்த முக்கியமான ஆய்வுகள் இந்தக் கரையில் பிறந்ததில் வியப்பில்லை. மீன் ஆய்வாளர் பி.எஸ்.பி.ஆர். ஜேம்ஸ் புதிதாக விவரித்த ஜோன்சி என்ற காரல்தான் ராமேசுவரம் பக்கத்துப் பிடிப்பில் முன்னணியில் இருந்தது.

சாளைக்கு வருவோம். மேலோட்டமாகப் பார்த்தால் சாளை, சூடை, பொருவா, நெத்திலி எல்லாம் ஒரே வெள்ளி நிறம். பிரித்தறியக் கண்ணைவிடக் கட்டைவிரல் நல்லது. வாலிலிருந்து தலைப்பக்கமாக அடிவயிற்றைத் தடவுங்கள். வயிற்று விளிம்பு முழுக்க அரம் போல உராய்ந்தால் சாளை, சூடை, பொருவா இவற்றில் ஒன்று. முன்பக்கம் மட்டும் சில ஊசி தட்டி, பின்பக்கம் வழவழவென்று போனால் நெத்திலி. பொருவாவுக்கும் அரம் உண்டு, ஆனால் உடம்பு தட்டை. மூக்கு முன்துருத்தி, வாய் கண்ணையும் தாண்டிப் பின்னால் கிழிந்திருக்கும். சாளையின் வாய் சின்னது, மேல்நோக்கியது.

நெய்ச்சாளைக்கும் சூடைக்கும் உள்ள வேறுபாடு அடுத்தது. நெய்ச்சாளையைப் பாக் கரையில் பேச்சாளை என்பார்கள், சென்னையில் கவலைக் கூட்டத்தோடு சேர்ப்பார்கள், குமரியில் வெறும் சாளை என்றாலே அதுதான். அதன் தலை நீளம், உடம்பு உருட்சி. செவுள்மூடியின் பின்விளிம்பில் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும். சூடைக்குத் தலை குட்டை, உடம்பு தட்டை. செவுளைத் திறந்து பார்த்தால் நெய்ச்சாளைக்குள் மயிரிழை மயிரிழையாக நெருக்கமான சல்லடை தெரியும். கடலில் மிதக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்பதற்கான ஏற்பாடு அது. மழைக்காலம் முடிந்து கடலில் பாசி பூக்கும் இடத்தை நெய்ச்சாளை தேடிப் போவதன் காரணம் அந்தச் சல்லடையில் இருக்கிறது.

இனி வலைக்கண். கண்ணை அளப்பது எதிரெதிர் முடிச்சுகளை நீட்டிப் பிடித்து, முடிச்சின் நடுவிலிருந்து நடுவுக்கு. ஒற்றைக் கண்ணை அளந்தால் பிசகும். 10 கண்ணைச் சேர்த்து இழுத்து அளந்து பத்தால் வகுக்கவேண்டும். நெய்ச்சாளைக்கு 32 முதல் 38 மில்லிமீட்டர், சூடைக்கு 28 முதல் 32, கானாங்கெளுத்திக்கு 50க்குச் சற்று மேல் என்பது பொதுவான கணக்கு. 16 சென்டிமீட்டர் நெய்ச்சாளையின் பருத்த இடத்தில் நூலைச் சுற்றினால் ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் வரும். 34 மில்லிமீட்டர் கண்ணின் சுற்றளவு அதில் இரட்டை, அதாவது 6.8 சென்டிமீட்டர். தலை நுழையும், செவுள் தாண்டும், பருத்த இடம் நுழையாது. மீனின் சுற்றளவு கண்ணின் சுற்றளவைப்போல் ஒன்றேகால் பங்குக்குச் சற்று மேலே இருந்தால் பிடி இறுக்கமாக விழும் என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம்.

ஆனால் கடலில் யாரும் நூல் சுற்றிப் பார்ப்பதில்லை. மாட்டிய மீனில் வலைக்கண் பதிந்த தழும்பைப் பார்ப்பார்கள். தழும்பு செவுளுக்குச் சற்றுப் பின்னால் இருந்தால் வலை சரி. மீனின் விழிக்கருகே, தலையில் பதிந்திருந்தால் மீன் பெருத்துவிட்டது. அதைவிடப் பெரியவை மாட்டாமல் முட்டித் திரும்புகின்றன என்று பொருள், மறுநாள் ஒரு படி பெரிய கண் எடுக்கவேண்டும். தழும்பு முதுகுத் துடுப்பை ஒட்டி விழுந்திருந்தால் மீன் சிறிது, அதற்கும் சின்னவை ஏற்கெனவே வலையைத் தாண்டிப் போய்விட்டன. ஒரே கூட்டத்தில் மீன் பெரும்பாலும் ஒரே அளவில் இருக்கும் என்பதால், ஒருமுறை வலை விட்டதில் விழுந்த பத்து மீனைப் பார்த்தாலே கூட்டத்தின் அளவு தெரிந்துவிடும். படகில் இரண்டு மூன்று கண்ணளவில் வலை வைத்திருப்பவர்கள் முதலில் சின்னதாக ஒரு துண்டை விட்டுப் பார்ப்பது இதற்காகத்தான்.

வலையை மிதவைக்கயிற்றில் எவ்வளவு தளர்வாகக் கட்டுகிறோம் என்பதும் முக்கியம். 100 மீட்டர் நீட்டிய வலையை 50 முதல் 60 மீட்டர் கயிற்றில் சுருக்கிக் கட்டினால் கண் நன்றாகத் திறந்து, மீன் முட்டும்போது கொஞ்சம் இளகிக் கொடுக்கும். இழுத்துக் கட்டினால் கண் அகலவாக்கில் திறந்து உயரத்தில் ஒடுங்கும். சாளையோ அகலம் குறைந்து உயரம் கூடிய மீன், அதற்கு இது சேராது. மிகத் தொய்வாகக் கட்டினால் செவுளில் மாட்டுவதற்குப் பதில் மீன் சுருண்டு சிக்கும், கழற்றுவதற்குள் பாதி நசுங்கிவிடும். ஊற விடும் நேரம் ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி. அதற்கு மேல் போட்டால் பேத்தை வந்து மீனையும் நூலையும் சேர்த்துக் கடித்துவிடும், நண்டு ஏறும். சொறி என்கிற இழுதுமீன் வந்து அடைத்தால் வலையை ஏற்றவே முடியாது, கைமுழுக்க அரிப்பு வேறு.

கூட்டத்தைக் கண்டுபிடிப்பது தனிக் கலை. ஆலா என்கிற கடற்பறவைகள் முதல் அடையாளம். அவை உயரத்தில் பரந்து சுற்றினால் இன்னும் தேடுகின்றன. தாழ இறங்கி ஒரே இடத்தில் மாறிமாறிக் குத்தினால் மீன் மேலே நிற்கிறது. குத்தும் இடம் விரைவாக நகர்ந்தால் கீழே சூரைமீனோ பாறைமீனோ அதைத் துரத்துகிறது. அந்தக் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு போவது எண்ணெய்ச் செலவு. பறவை இல்லாவிட்டாலும் நீரின் முகம் சொல்லும். சுற்றிலும் கடல் பளபளவென்றிருக்க, ஓர் இடத்தில் மட்டும் தூறல் விழுவதுபோல் மேற்பரப்பு சொரசொரத்தால் அடியில் கூட்டம் இருக்கிறது. நிறம் இருண்டு செம்மை பூசினாற்போல் இருந்தால் கூட்டம் கெட்டியானது. சாளைக்கூட்டம் நிற்கிற இடத்தில் குமிழி எழும். காற்றுப்பையிலிருந்து ஆசனவாய் அருகே வெளியே திறக்கும் ஒரு வழி அதற்கு உண்டு. கீழ்மேலாக ஏறி இறங்கும்போது காற்றை அதன் வழியாக விடுகிறது.

இருட்டில் கவரு, அதாவது கடல்நீரின் ஒளிர்வு, உதவும். கடல்நீரில் இருக்கும் நுண்ணுயிர்கள் அசைவு பட்டால் ஒளிரும். நிலவில்லாத இரவில் கூட்டம் நகர்ந்தால் வெளிச்சத் திட்டாகத் தெரியும். படகின் பக்கத்தைத் தட்டினால் கூட்டம் அதிர்ந்து பளீரென்று ஒளிர்ந்து கலையும். அந்தத் திட்டின் அகலத்தையும் கலைகிற விதத்தையும் வைத்து அளவைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் செவுள்வலைக்காரருக்கு இதே கவரு எதிரி. நீரில் ஆடும் வலையின் ஒவ்வொரு நூலும் ஒளிரும், மீன் பார்த்து விலகிப்போகும். அதனால் கவரு மிகுந்த இரவில் வளைத்துப் பிடிக்கும் மடி நன்றாகப் பிடிக்கும், செவுள்வலை வெறுமனே வரும்.

அதே உயிர் அளவுக்கு மீறிப் பெருகினால் ஆபத்து. மண்டபம், பாம்பன் பக்கத்தில் பூங்கோரை என்று சொல்லும் பச்சைப் பெருக்கம் அது. 2019 செப்டம்பர் மாதம் மன்னார் வளைகுடாவில் அது வந்தபோது மீன்கள் செத்துக் கரையொதுங்கின, பவளப்பாறைகளும் பாதிக்கப்பட்டன. நீர் பச்சைக் குழம்பாகி, அழுகும்போது உயிர்வளியைத் தின்றுவிடுகிறது. விடியற்காலையில்தான் அந்தக் குறை உச்சத்தில் இருக்கும். முதலில் சாவது இடம்விட்டு இடம் போகாத பாறைமீன்கள். கூட்டமாக அலையும் சாளையும் நெத்திலியும் அதற்குள் விலகியிருக்கும். எனவே பச்சை நீரின் விளிம்பில், தெளிநீர் தொடங்குகிற கோட்டில் வலை போடுவது பலன் தரும். பச்சைக்குள்ளே போடுவது வலையை வீணாக்குவது.

நெத்திலிக்குப் பருவம்தான் எல்லாம். குமரிமுனைக்கு மேற்கே தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் கரையோரம் அடிநீர் மேலேறுகிறது. அது குளிர்ந்த நீர், உயிர்வளி குறைந்த நீர். கேரளக் கரையில் சிதறிக் கிடந்த நெத்திலி அதற்கு ஒதுங்கித் தெற்கே தெற்கே நகர்ந்து, ஆடி ஆவணியில் கொல்லத்துக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் இடையே குவிகிறது. மழை ஓய்ந்ததும் திரும்ப வடக்கே பரவுகிறது. கொச்சியைத் தளமாகக் கொண்டு 1970களில் நடந்த மேல்நீர் மீன்வளத் திட்டம் எதிரொலிக் கருவியோடு கப்பலில் சுற்றி இதை வரைபடமாக்கியது. விழிஞ்ஞத்திலும் குமரிக் கரையிலும் அந்த மாதங்களுக்குள் நெத்திலி வலையைப் பழுதுபார்த்து வைத்திருந்தவர்களுக்கு அது புதுச் செய்தியாக இருந்திருக்காது. ஆனால் மீன் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்ற முழு வட்டத்தைக் கரையில் நின்று காணமுடியாது. அதற்குக் கப்பல் வேண்டியிருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நெத்திலியைக் கரையிலிருந்தே இழுப்பது கரைமடி. கம்பாவலை என்றும் கரைவலை என்றும் வெவ்வேறு கரைகளில் சொல்வார்கள். கடலைப் பார்த்து எப்போது விடுவது, எங்கே விடுவது என்று முடிவு செய்கிறவர் மண்டாடி. இலங்கையின் தமிழ்க்கரைகளிலும் இதே பெயர்தான். இரு பக்கச் சிறகான கையில் பெரிய கண்ணும், மீன் சேரும் பையான மடியை நெருங்க நெருங்கச் சின்னக் கண்ணுமாக இந்த வலை அமைந்திருக்கும். கையின் கண்ணில் நெத்திலி தாராளமாக நுழைந்து போகலாம், ஆனாலும் போகாது. அசைந்து வரும் கயிற்றின் நிழலுக்கு அஞ்சிக் கூட்டம் நடுவில் ஒடுங்கும். நீர் கலங்கிவிட்டால் நிழல் தெரியாது, மீன் கையின் வழியே வெளியேறிவிடும். கலங்கல் நாளில் கரைமடி ஏமாற்றுவதன் காரணம் இதுதான். செவுள்வலைக்கு அதே கலங்கல் நல்லது.

வலை இழுத்து முடியும்வரை நீவாடு, அதாவது நீரோட்டம், அதைத் தள்ளிக்கொண்டே போகும். எனவே கூட்டத்துக்கு நேரே விடாமல், நீவாடு வருகிற பக்கம் தள்ளி விடவேண்டும். எவ்வளவு தள்ளி என்பதில்தான் மண்டாடியின் தேர்ச்சி. வலையை இழுக்கிற கயிறான கம்பா இரண்டும் ஒரே சீராக வரவேண்டும். ஒன்று முந்தினால் மடி கோணும், பின்தங்கிய கையோரமாக மீன் நழுவும். தப்பிக்கிற வழியும் மீனுக்கு மீன் வேறு. மடவை மிதவைக்கு மேலே துள்ளிப் போகும். சாளை அடிநோக்கிப் பாயும். காரலும் கிழங்கானும் ஈயக்கயிறு ஒரு பள்ளத்தில் தூக்கினாலும் போதும், அதன் அடியில் நழுவிவிடும். கடைசி 20 மீட்டரில் ஈயக்கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டு வருவதும், மிதவையைக் கையால் தூக்கிப் பிடிப்பதும் இந்த மூன்றுக்குமான அடைப்பு.

கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியைச் சுருக்கிப் பிடிக்கிற சுருக்குமடி பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2000ஆம் ஆண்டு அது தடை செய்யப்பட்டது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவாக, 12 கடல்மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் ஆகிய நாட்களில் காலை 8 முதல் மாலை 6 வரை நிபந்தனைகளோடு அனுமதித்தது. இரு பக்க வாதமும் ஊரறிந்தது. எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று. செவுள்வலை அளவுக்குக் குறைந்த மீனைத் தானாகவே விட்டுவிடுகிறது, சுருக்குமடி விடுவதில்லை. சாளை 15 சென்டிமீட்டர் அளவில்தான் சினைக்கு வருகிறது. கேரளம் குறைந்தபட்ச அளவாக வைத்திருப்பது 10 சென்டிமீட்டர். 2012இல் 3.9 லட்சம் டன் நெய்ச்சாளை பிடித்த கேரளத்தில் 2021இல் கிடைத்தது 3,297 டன். வீழ்ச்சிக்குக் கடலின் வெப்பமும் மழையும் பெருங்காரணம் என்றாலும், மீன் குறைந்த ஆண்டில் குஞ்சையும் வாரினால் மீள்வது தாமதமாகும்.

கரைக்கு வந்த சின்ன மீன் காத்திருக்காது. இரை தின்ற நெத்திலியின் குடலில் இருக்கும் செரிமான நீர், மீன் செத்ததும் அதன் வயிற்றையே கரைக்கத் தொடங்கும். இரண்டு மூன்று மணி வெயிலில் வயிறு வெடித்துவிடும். உடைத்த பனிக்கட்டியை மேலே கொட்டினால் அதன் கூர்முனை கிழித்துவிடுகிறது. பனிக்கட்டி போட்ட கடல்நீரில் மீனை நேராக அமிழ்த்துவதே மேல். ஒரு பங்கு மீனுக்கு ஒரு பங்கு பனி வேண்டும், நம் வெயிலுக்கு அதில் சிக்கனம் ஆகாது. பெட்டியை உயர நிரப்பினால் அடியில் இருப்பது கூழாகும்.

சாளையும் கானாங்கெளுத்தியும் கெட்டால் நாற்றம் வருமுன்பே தசையில் அரிப்பூட்டும் பொருள் சேர்ந்துவிடும். தின்றவருக்கு முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலை வலிக்கும். அது வேகவைத்தாலும் பொரித்தாலும் போகாது. காலையில் வாங்கி மதியம்வரை வெளியே வைத்துவிட்டுச் சமைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் சாளைக்கு ஆகாது.

கருவாட்டுக்கு நெத்திலிதான் அரசன். ஏறக்குறைய 4 கிலோ பச்சைக்கு 1 கிலோ கருவாடு தேறும். 10 லிட்டர் நீரில் 1 கிலோ உப்பு கரைத்து, கால்மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பவேண்டும். மணலில் பரப்பினால் பல்லில் மண் கடிபடும் என்பது சின்னக் குறை. அடிப்பக்கம் ஈரமாகவே இருந்து புழு வைப்பதுதான் பெரிய குறை. இடுப்பளவு உயரத்தில் பழைய வலையை இழுத்துக் கட்டிய பரணில் போட்டால் காற்று மேலும் கீழும் போகும். முதல் நாலைந்து மணி நேரத்தில் மேல்தோல் உலர்ந்துவிட்டால் ஈ முட்டையிடாது. அதனால் விடிந்ததும் பரப்பவேண்டும், மதியம் பரப்பக்கூடாது. இரண்டு நாள் நல்ல வெயிலில், வளைத்தால் ஒடிகிற பதம் வரும். வளைந்து கொடுத்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, மூட்டைக்குள் பூஞ்சை பிடிக்கும். நெய்ச்சாளையை இப்படிக் காயவைக்க ஐப்பசி, கார்த்திகை தோதல்ல. கொழுப்பு ஏறிய மீன் வெயிலில் மஞ்சளாகிக் காறல் எடுக்கும். அந்த மாதங்களில் அதைப் பச்சையாகத் தின்று தீர்ப்பதே நல்லது. குடலைச் சுற்றி வெள்ளை நூலாகக் கொழுப்பு தொங்குகிறதா என்று அறுக்கும்போது பாருங்கள். அது இல்லாமல் வயிறு நிறையச் சினை இருந்தால் தசை வறண்டிருக்கும், அந்த மீன் கருவாட்டுக்கு ஆகும்.

வாங்கும்போது செவுளையும் கண்ணையும் பார்க்கச் சொல்வது எல்லா மீனுக்கும் பொதுவான புத்தி. சாளையில் செதிலைப் பாருங்கள். அதன் செதில் தொட்டால் உதிர்வது. உடம்பில் செதில் நிறைய இருந்தால் அதிகம் கைபடாத மீன். காரலை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஒரு பிடி கல்லுப்புப் போட்டுப் பிசைந்து, கோழை நுரைத்து வந்ததும் கழுவவேண்டும். ஒருமுறை போதாது, இரண்டாவது நீர் தெளியும்வரை. முள்ளைக் கத்தரியால் நறுக்கியபிறகே வயிற்றைத் திறப்பது விரலுக்கு நல்லது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற இதைச் சொதியாக வைத்துக் கொடுப்பது கரையோர வழக்கம்.

நெத்திலிக்குக் கத்தியே வேண்டாம். தலையைப் பின்னுக்கு மடக்கிக் கீழ்நோக்கி இழுத்தால் குடலும் சேர்ந்து வந்துவிடும். குமரிக்கரை அவியலுக்கு அரைக் கிலோ நெத்திலி, ஒரு மூடித் தேங்காய், ஏழெட்டுச் சின்ன வெங்காயம், நாலு பச்சைமிளகாய், மஞ்சள், ஒரு சிட்டிகைச் சீரகம், புளிப்புக்கு ஒரு மாங்காய். தேங்காயைக் கொரகொரப்பாக அரைத்து, மாங்காயோடு சட்டியில் கொதிக்கவிட்டு, மாங்காய் முக்கால் வேக்காடு ஆனபிறகே மீனைப் போடவேண்டும். ஐந்தாறு நிமிடத்தில் வெந்துவிடும். தேங்காய் எண்ணெயும் கறிவேப்பிலையும் போட்டு, சட்டியை இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றி இறக்குங்கள். கரண்டி போட்டால் மீன் அத்தனையும் உடைந்து முள்ளும் தேங்காயும் ஒன்றாகிவிடும்.